மூன்றாவது ரவுண்டில் உன்னை அடித்தது பற்றி

மகளுக்கு உதடு வெடித்துவிட்டது. மார்கழி பிறந்தால் இந்த மலையில் பாதிப் பேருக்கு இதே கதிதான். கடையில் இருந்த வாஸ்லின் டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, விரலால் வழித்து அவள் உதட்டில் தடவினேன். விரல் உதட்டோடு நிற்கவில்லை. தானாக மேலே ஏறிப் புருவத்தில் தடவியது, பிறகு கன்ன எலும்பில், பிறகு மூக்குத் தண்டில். "அப்பா, உதட்டுக்குத்தான் கேட்டேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நான் டப்பாவை மூடாமல் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தில் எத்தனை முறை தடவியிருப்பேன். என் முகத்தில் நீ எத்தனை முறை தடவியிருப்பாய். குத்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தோல் கிழியக்கூடாது என்று அப்படியொரு அக்கறையாகத் தடவிவிட்டு, அடுத்த நிமிஷமே அதே முகத்தில் குத்துவோம்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. கடிதம் எழுதுகிற ஆளா நான் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். சேலத்தில் அந்த மூன்றாவது ரவுண்டில் உன்னை அடித்தேனே, அதைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினாறு வருஷம் ஒரே மலையில் இருந்தும் சொல்லவில்லை. இப்போது எழுதியாவது வைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் இரண்டு வருஷம் நமக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தார். பிறகு மாற்றலாகிப் போனார். போகும்போது இரண்டு ஜோடிக் கையுறையையும், "விட்டுடாதீங்கடா" என்ற ஒரு வார்த்தையையும் நம்மிடம் விட்டுப் போனார். அதற்கப்புறம் உனக்கு நான், எனக்கு நீ. நாகலூரில் உங்கள் எஸ்டேட்டின் காப்பிக் களம்தான் நமக்கு ரிங். பழம் காயப்போடும் சீசன் முடிந்து களம் காலியானதும், அடுப்புக்கரியால் நான்கு கோடு கிழித்துவிடுவாய். எங்கள் ஊர் ஒண்டிக்கடையிலிருந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் நீ வியர்த்துப் போய் நிற்பாய். எஸ்டேட்டில் பழக்கூடை சுமக்கிற உன் அம்மா வேலை முடிந்து வருகிற வழியில் களத்து ஓரம் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். "ஏன் சாமி, ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கறீங்க, அப்பறம் எதுக்கு அடிச்சுக்கறீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நாம் சிரித்துக்கொண்டே மறுபடி கையுறையை மாட்டிக்கொள்வோம்.

நான் நெட்டை. கை நீளம், கால் மந்தம். ஒரே இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு, வருகிறவனுக்காகக் காத்திருந்து, வலது கையால் கீழிருந்து மேலாக ஒன்று கொடுப்பேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான், ஆனால் அது பட்டால் பட்டதுதான். நீ என் தோளுயரம். தலையைத் தாழ்த்திக்கொண்டு, எதிராளியின் மார்புக்குள் வீடு கட்டிக் குடியேறுகிறவன் மாதிரி உள்ளே உள்ளே வருவாய். பத்து வாங்கிப் பதினைந்து கொடுப்பது உன் வழி. பின்வாங்குவது என்ற ஒன்றை உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவே இல்லை, சொன்னாலும் நீ கேட்டிருக்க மாட்டாய். அந்த வழி என்னிடம் மட்டும் பலிக்காது. நீ உள்ளே வருவதற்கென்றே என் வலது கை பிறந்திருந்தது. ஆறு வருஷத்தில் நீ என்னை ஜெயித்தது இரண்டே முறை. அதில் ஒரு முறை எனக்குக் காய்ச்சல்.

நெஞ்சு இருப்பவன் தோற்க மாட்டான் என்று மைக் பிடிக்கிறவர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் உன்னோடு ஆடியதில்லை. நெஞ்சு இருக்கிறது என்பதற்காகக் கை ஒரு அங்குலம் நீளுமா? நெஞ்சு இருப்பவன் கூடுதலாக அடி வாங்குவான், வாங்கிக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். பெரிய ஆள் சின்ன ஆளை அடித்துவிடுவான் என்பதும் பாதிதான் உண்மை. யாருடைய ஆட்டம் யாருடைய ஆட்டத்துக்கு எதிரே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கொண்டலாம்பட்டியிலிருந்து போட்டிகளுக்கு ஒருவன் வருவானே, அவனை வைத்துத்தான் எனக்கு இது புரிந்தது. சுற்றிச் சுற்றி ஓடுவான். தொட்டுவிட்டு ஓடுவான். மூன்று ரவுண்டும் அவன் பின்னால் நடந்தே நான் களைத்துத் தோற்றேன். என்னை அப்படி அலைய விட்டவனை ஆத்தூரில் நீ கயிற்றோரம் மடக்கி, ஓட இடமில்லாமல் செய்து, கதறக் கதற அடித்தாய். நான் உன்னை அடிப்பேன், நீ அவனை அடிப்பாய், அவன் என்னை அடிப்பான். பிள்ளைகள் விளையாடுகிற கல், காகிதம், கத்தரிதான்.

அந்தப் பங்குனியில் மாவட்டத் தேர்வு வந்தது. ஒவ்வொரு எடைக்கும் ஒரே ஒருவர்தான் மாநிலப் போட்டிக்குப் போவார். மாநிலத்தில் நான்கு பேருக்குள் வந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயோ போலீசோ ஏதோ ஒன்று கிடைக்கும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எனக்கு அது கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான், அப்பாவின் மளிகைக்கடை இருந்தது. உனக்கு அதைத் தவிர வேறு வாசல் கிடையாது. களத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்கம்மாவைக் கூடையைக் கீழ வெக்கச் சொல்லோணும்டா" என்றாய். அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, கால்சட்டையில் ஒட்டிய கரியைத் தட்டிக்கொண்டே சொன்னாய்.

நாம் ஒருவரோடு ஒருவர் மோதக்கூடாது என்று முன்பே பேசி வைத்தோம். நீ அறுபது கிலோவில், நான் அறுபத்து நான்கில். எடை பார்க்க எஸ்டேட்டில் பழம் நிறுக்கிற தொங்கு தராசு இருந்தது. கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மடக்கித் தொங்குவோம். முள் நிற்கும் வரை மூச்சுவிடாமல் தொங்க வேண்டும். உனக்கு ஐம்பத்தொன்பதரை காட்டியது, எனக்கு அறுபத்தொன்றரை. ஒரு மாதம் தினமும் பார்த்தோம். முள் அசையவே இல்லை. அந்தத் தைரியத்தில் நீ கடைசி வாரம் உன் அம்மா செய்த அரிசிமாப் பணியாரத்தை ஒன்றுகூட விடவில்லை.

சேலத்தில் தராசில் ஏறினாய். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அறுபத்தொண்ணரை இருக்கு. அறுபதுல எடுக்க முடியாதுப்பா."

"இல்லீங்க சார், எஸ்டேட்டுல பாத்துட்டுத்தானுங்க வந்தோம். அம்பத்தொம்போதரைதான் காட்டுச்சுங்க."

"எதுலப்பா பாத்தீங்க?"

"காப்பிப்பழம் எடை போடற தராசுலீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன், மிளகு தராசில் போட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்றான். ஒரு மணி நேரம் அவகாசம் தந்தார்கள். மலையிலிருந்து சேலத்துக்கு மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு இறங்குகிற ஒரே ஆள் நீதான். உன் அம்மா கட்டாயப்படுத்திப் பையில் வைத்து அனுப்பியிருந்தார். அதை மாட்டிக்கொண்டு பங்குனி வெயிலில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். நானும் கூட ஓடினேன், கோட்டு இல்லாமலேயே எனக்குத் தலை சுற்றியது. மறுபடி ஏறினாய். அறுபது கிலோ எண்ணூறு. "முடிய வெட்டுனா எவ்வளவு கொறையுமுங்க?" என்று நீ கேட்டது விளையாட்டுக்கு அல்ல. அவர் பாவம், நல்ல மனிதர். "மேல் வெயிட்டுல ஆடறியா, ஊருக்குப் போறியா, ஒண்ணு சொல்லு" என்றார். நீ கையெழுத்துப் போட்டாய்.

அப்படித்தான் நீ என் எடைக்குள் வந்து சேர்ந்தாய். கொண்டலாம்பட்டிக்காரனும் ஒரு வருஷத்தில் வளர்ந்து அங்கேதான் இருந்தான். நான்கே பேர். தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். மத்தியானம் அரையிறுதியில் உனக்கும் எனக்கும். ஜெயிக்கிறவன் சாயங்காலம் அநேகமாக அவனோடு.

அரங்குக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில் நான் உன்னிடம் சொன்னேன்.

"டேய், நான் ஜெயிச்சுப் பைனலுக்குப் போனா அவன் என்னைய அலைய விட்டே அடிச்சுப்போடுவான். நீ போனீன்னா அவனை மடக்கிருவ. நான் கைவலின்னு சொல்லி நின்னுக்கறேன்."

நீ வாய் கொப்பளித்துத் துப்பினாய். "எனக்குப் பிச்சை போடறியா?"

"பிச்சையில்லடா. யோசிச்சுப் பாரு, இதான் சரி."

"நீ நின்னுக்கிட்டீன்னா நானும் பேரை எடுத்துப்போடுவேன். ரெண்டு பேரும் பஸ் புடிச்சு ஊட்டுக்குப் போலாம். எப்படி வசதி?"

உன்னைத் தெரியும். சொன்னால் செய்வாய். சரி, ஆடலாம் என்று தலையாட்டினேன். ஆனால் அந்த இடத்திலேயே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆடுவேன், அடிக்க மாட்டேன். உனக்குத் தெரியாமல் தோற்றுவிடலாம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

எப்போதும் மூலையில் நின்று உனக்குத் துண்டு பிடிப்பது நான், எனக்குப் பிடிப்பது நீ. அன்று இருவருக்கும் ஆளில்லை. டயர் மாற்றச் சேலம் இறங்கியிருந்த மஞ்சக்குட்டை ஜீப் டிரைவர் பிலவேந்திரண்ணன்தான் அகப்பட்டார். "ஏனுங்க, ரெண்டும் நம்ம பசங்களா இருந்தா நான் எந்தப் பக்கமுங்க நிக்கறது?" என்று அவர் நடுவரிடமே கேட்டார். முதல் இடைவேளை உன் மூலைக்கு, இரண்டாவது என் மூலைக்கு என்று அவராகவே பிரித்துக்கொண்டார்.

முதல் ரவுண்டில் என் வலது கையை ஒரு நொடி தாமதமாக விட்டேன். உன் தோளில் பட்டது, கையுறையில் பட்டது. நீ உள்ளே வந்து விலாவில் சரமாரியாகக் கொடுத்தாய். கட்டிப் பிடித்தபோது என் காதுக்குள், "கையைத் தொறந்து அடிடா" என்றாய். கேட்காதது மாதிரி இருந்தேன். இரண்டாவது ரவுண்டும் அப்படியே போனது. ஆறு வருஷம் என் கையை வாங்கிய உடம்பு உன்னுடையது. அது எப்போது வரும், எவ்வளவு கனமாக வரும் என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய், உன் முகமோ செத்துப்போயிருந்தது. பிலவேந்திரண்ணன் என் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "நொம்ப நல்லா ஆடறீங்க சாமி, ரெண்டு பேருமே" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்ததும் நீ நடுவில் வந்து இரண்டு கையையும் கீழே போட்டாய். நடுவரைத் திரும்பிப் பார்த்தாய்.

"சார், இவன் என்னைய அடிக்க மாட்டேங்கறானுங்க. அடிக்கச் சொல்லுங்க சார்."

அரங்கு முழுவதும் சிரித்தது. அடிக்கவில்லை என்று புகார் சொன்ன ஆளை அங்கே யாரும் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். நடுவர் என்னைக் கூப்பிட்டு, "ஆட வந்தியா, கொஞ்ச வந்தியா? இன்னொரு தடவை இப்படின்னா ரெண்டு பேரையும் எறக்கி விட்டுருவேன்" என்றார். கொண்டலாம்பட்டிக்காரன் முன்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நீ தலையைத் தாழ்த்தி உள்ளே வந்தபோது என் வலது கை போயிற்று. முழுக் கை. நீ உட்கார்ந்துவிட்டாய். நடுவர் எட்டு எண்ணுவதற்குள் எழுந்து கையைத் தூக்கினாய். மறுபடி வந்தாய், மறுபடி அடித்தேன். இடது கண் மூடிக்கொண்டது. அப்போதும் வந்தாய். மணி அடிக்கும்போது நீ நின்றுகொண்டுதான் இருந்தாய், சிரித்துக்கொண்டு. என் கையைத் தூக்கினார்கள்.

இறக்கி விடுவேன் என்று நடுவர் மிரட்டினார், உன்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார் என்று பயந்து அடித்தேன் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். பொய். அந்த மிரட்டல் என் காதிலேயே விழவில்லை. காதில் விழுந்தது சிரிப்புதான். ஊர் பார்க்க என்னைக் கோமாளியாக்கிவிட்டாய் என்று எனக்குக் கோபம் வந்தது. உனக்காக விட்டுக்கொடுக்க வந்தவனை நீயே காட்டிக்கொடுத்தாய் என்று கோபம். உன் சான்றிதழ், உன் அம்மாவின் கூடை, நான் போட்ட திட்டம் எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. வெறும் ரோஷத்தில் அடித்தேன். இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் விட்டேன்.

சாயங்காலம் பைனலில் கொண்டலாம்பட்டிக்காரன் என்னை அலைய விட்டான். வீங்கிய கண்ணோடு என் மூலையில் நின்று, "தொரத்தாத, கயித்தை மடக்கு, கயித்தை மடக்கு" என்று நீ தொண்டை கிழியக் கத்தினாய். அது உன் ஆட்டம். என் காலுக்கு அது வரவில்லை. தோற்று இறங்கி வந்தபோது நீ துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "பரவால்ல, ரெண்டாவது ரவுண்டு நல்லா ஆடுன" என்றாய். நான் எங்கேயும் நன்றாக ஆடவில்லை.

பிலவேந்திரண்ணன் ஜீப்பில்தான் மலை ஏறினோம். உன் அம்மா உன் கண்ணைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். தராசுக் கதையைக் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சாமி, ஈரச் சாக்குக்குன்னு சொல்லி கணக்கெழுதற ரைட்டரு அதுல முள்ளை ரெண்டு கிலோ பின்னால தள்ளி வெச்சிருக்கறாருடா. பழம் பறிக்கற எங்க எல்லாருக்கும் தெரியுமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார். நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சாக்குக்குக் கழித்து வைத்த தராசில் ஒரு மாதம் சாக்கு மாதிரியே தொங்கியிருக்கிறோம். முதலில் நீதான் சிரித்தாய். பிறகு உன் அம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் வரவில்லை.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அடுத்த வருஷம் உன் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனது, நீ எஸ்டேட்டில் பெயர் பதிந்துகொண்டாய். நான் கடையில் உட்கார்ந்தேன். உன் கல்யாணத்துக்குச் சர்ச்சில் நான்தான் ஓடியாடிப் பந்தி பார்த்தேன். என் மகள் பிறந்தபோது முதலில் வந்து, அவள் விரலை மடக்கிப் பார்த்து, "வலது கை உன்ர மாதிரியே இருக்குது" என்றாய். சனிக்கிழமைதோறும் சாமான் வாங்க வருவாய். கடைக்குள் இடம் இல்லாவிட்டாலும் தோளால் என்னை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாய். அந்த மத்தியானத்தைப் பற்றி நீயாக ஒரு நாளும் எடுத்ததில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாசியில் மிளகு பறிக்க, கொடி படர்ந்த ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறினாய், ஏணி வழுக்கி விழுந்தாய். சேலம் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாய். நான்கு நாளும் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே டாக்டர், இவ்வளவு அடிபட்ட ஆள் முதல் நாளே போயிருக்க வேண்டும் என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியம் இல்லை. எட்டு எண்ணுவதற்குள் நீ எழுந்துவிடுவாய் என்று நான்கு நாளும் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கம் முடிந்து நாலைந்து நாள் கழித்து உன் ஊட்டுக்குப் போனேன். பார், எனக்கும் உன் பேச்சே வருகிறது. உன் மனைவி காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்ணா, உங்களைப் பத்திச் சொல்லாத நாளில்லீங்ணா. லைன் ஊட்டுல யாராச்சும் பழைய கதை பேசுனா, 'எல்லாரும் என்னையக் குள்ளன்னு பாவம் பாத்தானுங்க. அவன் ஒருத்தந்தான் பாவம் பாக்காம, ஆளா மதிச்சு அடிச்சான்'னு சொல்லுவாருங்க. அதுல அவருக்கு நொம்பப் பெருமைங்ணா."

நான் காப்பியைக் குடித்தேன். இல்லையம்மா, நான் மதித்து அடிக்கவில்லை, ரோஷத்தில் அடித்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளிடம் இப்போது மிச்சம் இருப்பதே நீ சொன்ன கதைகள்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

பகலில் கடையில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. அவன் கேட்டான், நான் கொடுத்தேன் என்று. ஏழெட்டு நாள் அது தாங்கும். பிறகு எஸ்டேட்டிலிருந்து யாராவது மிளகு மூட்டையோடு கடையைக் கடந்து போவார்கள், அதோடு சரி. இன்னும் மூன்று நிமிஷம் நான் ரோஷத்தை விழுங்கியிருந்தால் நீ ரயில்வேக்குப் போயிருப்பாய், அந்த ஏணியில் ஏறியிருக்கவே மாட்டாய்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த ரவுண்டு மறுபடி வந்தால் நான் அடிக்க மாட்டேன். நீ நடுவரிடம் சொல், ஊரைக் கூட்டிச் சொல், எவ்வளவு பேர் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். எனக்கு மரியாதை தெரியாது என்று ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இரு, உன் கல்யாணத்துக்குக்கூட என்னைக் கூப்பிடாதே. எங்கோ ஒரு ரயில் நிலையத்தில், சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பையோடு, என் பெயரை எடுத்தாலே திட்டிக்கொண்டு நீ உயிரோடு இருந்தால் எனக்குப் போதும்.